படலையில் கைமாறிய போன்

செத்தவீட்டில் போன் பிடிப்பவளை ஒருவரும் பார்ப்பதில்லை. தேனுகாவுக்கு அந்த வேலை ஒத்துப்போனதற்கு அதுதான் காரணம். கலியாண வீடுகளில் "தங்கச்சி, என்னைக் கொஞ்சம் வெள்ளையாக் காட்டும்" என்று யாராவது வம்புக்கு வருவார்கள். பெண்பிள்ளைகளின் பூப்புச் சடங்கு நடக்கும் சாமத்திய வீடுகளில் "உமக்கு எப்ப கலியாணச் சாப்பாடு?" என்று கேட்பார்கள். செத்தவீட்டில் எல்லாருடைய கண்ணும் பெட்டியில் இருக்கும். அவள் கையிலிருக்கும் போனைப் பார்த்து லண்டனில் இருப்பவரின் பெயரையும் ரொறன்ரோவில் இருப்பவரின் பெயரையும் சொல்லி அழுவார்கள். அதற்குப் பின்னால் ஒருத்தி நிற்கிறாள் என்பது எவருக்கும் நினைவிருக்காது.

பௌதிகவியலில் பட்டம் எடுத்துவிட்டு ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருந்தவளை, திருகோணமலை நகரத்தில் வீடியோக் கடை வைத்திருக்கும் ரிஷிகேசன்தான் கூப்பிட்டு வேலை கொடுத்தார். "கதைக்கத் தேவையில்லை. கை நடுங்காட்டிச் சரி" என்றார். கதைக்கத் தேவையில்லை என்ற சொல்லுக்காகவே அவள் ஒப்புக்கொண்டாள். அம்மா கிளிவெட்டியில், வயலோடு. அவள் நகரத்தில் ஒரு வாடகை அறையில். அம்மா தினமும் வீடியோ அழைப்பு எடுப்பாள். போனைப் பிடிக்கத் தெரியாமல் மடியில் வைத்துக்கொள்வதால் தேனுகாவுக்குத் தெரிவது கூரை மட்டும்தான்.

"சாப்பிட்டியோ?"

"ஓம். நீங்கள்?"

"ஓம்."

அதற்குப் பிறகு இருவருக்கும் ஒன்றும் வராது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டுத் தேனுகா வைத்துவிடுவாள்.

சல்லி என்ற கடற்கரை ஊரில் இரத்தினேஸ்வரி என்ற அம்மா கிணற்றடியில் விழுந்து இறந்துபோனதாகவும், பாரிசில் இருக்கும் மகனுக்குப் போனில் நேரடியாகக் காட்டவேண்டும் என்றும் ரிஷிகேசன் சொன்னபோது, அதையும் வழக்கமான வேலையாகத்தான் எண்ணிப் போனாள். போன பிறகுதான் தெரிந்தது, இது வேறு மாதிரி என்று. மகன் இராகுலனுக்கு அங்கே இன்னும் விசா கிடைக்கவில்லை. நாட்டைவிட்டு வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே போக ஏலாது. ஒரே மகன். கொள்ளி வைக்கவேண்டியவன். அவனுக்குப் பதிலாகச் சிறியதகப்பன் மகன் பிரவீனன் வைப்பதாக முடிவாகியிருந்தது.

"எல்லாரும் பாக்கிற மாதிரிப் போடவேண்டாம் தங்கச்சி," என்றான் இராகுலன், முதல் அழைப்பிலேயே. "எனக்கு மட்டும்."

அப்போது அவன் ஏதோ உணவகத்துக் குசினியில் நின்றிருந்தான். போனைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டே தாயைப் பார்த்தான். பிறகு யாரோ வந்து தோளைத் தொட்டு அவனை அனுப்பிவிட்டார்கள். அடுத்து அவள் கண்டது ஒரு சின்ன அறை. சுவரில் பல பேருடைய தடித்த ஜக்கெற்றுகள் தொங்கின. அந்தப் பலபேர் வேலைக்குப் போயிருந்தார்கள்.

அவன் அதிகம் பேசவில்லை. "கொஞ்சம் கிட்ட." "கையைக் காட்டுங்கோ." "அம்மா விழுந்த இடத்தைக் காட்டுவீங்களோ?" அவள் கிணற்றடிக்குப் போய்ச் சீமெந்து நிலத்தைக் காட்டினாள். அங்கே ஒன்றும் இல்லை. கழுவியிருந்தார்கள். அவன் நெடுநேரம் அதைப் பார்த்தான்.

அவனுடைய பதில் எப்போதும் ஒரு மூச்சுப் பிந்தித்தான் வந்தது. கடலுக்கு அடியில் கண்ணாடி நாருக்குள் ஒளியாக ஓடி, எத்தனையோ இயந்திரங்களைக் கடந்து வருகிற குரல் அது. அந்தத் தாமதம் ஏன் என்று அவள் படித்திருக்கிறாள். ஆனால் அதற்காகக் காத்திருக்கப் பழகியது இப்போதுதான். போனைத் திருப்பிவிட்டு ஒரு மூச்சு பொறுப்பாள். அவன் "ஓம்" என்பான். பிறகுதான் அசைவாள். மாலைக்குள் அது இருவருக்கும் ஒரு பழக்கமாகிவிட்டது. இவ்வளவு நேரம் எவருடனும் இப்படி இருந்ததில்லையே என்று, வாங்கில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்பட்டாள். செத்தவீட்டில் வந்து நினைக்கிற நினைப்பா இது?

இரவு அவள் அறைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பெட்டிக்கு எதிரே ஒரு கதிரையில் கடைப் போனைச் சாத்தி, சார்ஜரைச் செருகிவிட்டுப் போனாள். காலையில் வந்து பார்த்தபோது, திரையில் அவன் அதே இடத்தில் இருந்தான்.

"நித்திரை கொள்ளேல்லையோ அண்ணா?"

ஒரு மூச்சு. "இல்லை." பிறகு அவனாகவே சொன்னான். "அப்பா செத்தது எனக்குச் சொல்லித்தான் தெரியும் தங்கச்சி. அக்கா எடுத்து ஒரு சொல்லில சொன்னவ. எனக்கு வேலைக்கு நேரமாச்சு, போயிட்டன். இண்டைவரைக்கும் வீட்டுக்கு எடுக்கேக்க அப்பா தூக்குவார் எண்டுதான் நினைப்பு. நான் காணேல்லைத்தானே."

அவள் போன் இருந்த கதிரையைப் பெட்டிக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்தாள்.

"இதை நான் கடைசிவரைக்கும் பாக்கவேணும். சுடலையில நெருப்பு வைக்கிறதை. இடையில கட் பண்ணக்கூடாது. காணாட்டி எனக்கு இவவும் சாகமாட்டா."

"நான் காட்டுறன் அண்ணா," என்றாள் தேனுகா. ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை. எவருக்கும் வாக்குக் கொடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அதிலொரு சிக்கல் இருந்தது. பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வாசல் படலையோடு நின்றுவிடுவார்கள். வழக்கமாக அந்த இடத்தில் ரிஷிகேசன் வந்து போனை வாங்கிக்கொள்வார். இன்றைக்கும் வருவதாகத்தான் ஏற்பாடு. நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் கலியாணம். அதை முடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஓடி வந்துவிடுவார்.

பின்னேரம் கிரியை நடந்துகொண்டிருக்கையில் அவளுடைய சொந்தப் போன் அதிர்ந்தது.

"தேனு, இஞ்ச பொம்பிளையும் மாப்பிளையும் கடல்ல இறங்கி நிண்டு படமெடுக்க வேணுமாம். சூரியன் படேக்கதான் நல்லாயிருக்குமாம். நான் என்னெண்டு வாறது?"

"அண்ணா, இஞ்ச இப்ப பெட்டி எடுக்கப்போகினம்."

"ஆராவது ஒரு பெடியனிட்டைக் குடன். என்ன, ஒரு போனைத்தானே பிடிக்கிறது?"

அவள் சுற்றிப் பார்த்தாள். பெடியன்கள் என்று சொல்லக்கூடியவர்களை எண்ணிப்பார்க்கவே தேவையில்லை. இந்த வீட்டு இளையவர்களில் பாதிப்பேர் இராகுலனைப் போலத் திரைகளுக்குள்தான் இருந்தார்கள். மிச்சப்பேர் பெட்டி தூக்கவேண்டியவர்கள்.

வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. பெண்கள் வரிசையாக வந்து போட்டார்கள். கடைசியில் இராகுலனின் அக்கா கமலாதேவி போனின் பக்கம் திரும்பி, "தம்பி, உனக்கும் சேத்து நான் போடுறன்" என்றாள். திரையில் இராகுலனின் கையிலும் அரிசி இருந்தது. எங்கிருந்து எடுத்தானோ, நீளமான வெள்ளை அரிசி. அதைத் தன் போனுக்கு மேலே பிடித்து விரல்களைத் திறந்தான். அவளுடைய திரையில் அரிசிமணிகள் பெரிதாகி வந்து மறைந்தன. கண்ணாடியில் அவை விழும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது.

பெட்டியை மூடினார்கள். பறை முழங்கத் தொடங்கியது. பெண்கள் தலையை விரித்துக் கதறிக்கொண்டு படலைவரைக்கும் வந்தார்கள். தேனுகாவும் பின்பக்கமாக நடந்து, பெட்டியைத் திரையின் நடுவில் வைத்தபடியே வந்தாள். படலையில் அவளுடைய முதுகு தூணில் முட்டியது. நின்றாள்.

"என்ன நிக்கிறீங்கள் தங்கச்சி?" என்றது போன்.

கமலாதேவி அழுது சிவந்த கண்ணோடு அவளைப் பார்த்தாள். "நீ போ பிள்ளை. நீ எங்கட ஆளில்லைத்தானே, வேலைக்கு வந்தனீ. ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம்."

"குமர்ப்பிள்ளை சுடலைக்கோ?" என்றாள் பக்கத்தில் நின்ற புஸ்பராணி, பெரிதாகவும் இல்லாமல் சிறிதாகவும் இல்லாமல்.

"அவ படம் பிடிக்கத்தானே அக்கா போறா," என்றாள் கமலாதேவி.

"அதுக்குச் சொல்லேல்லை. நான் சும்மா கேட்டனான்."

அந்த ஒரு கணத்தில் படலையில் நின்ற அத்தனை பெண்களும் தேனுகாவைப் பார்த்தார்கள். தெருவில் நின்ற ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு நாளாக இல்லாமலிருந்தவள் திடீரென்று எல்லார் கண்ணிலும் முளைத்துவிட்டாள். முகம் சுட்டது. போகக்கூடாது என்று ஒருவரும் தடுக்கவில்லை. ஆனால் கால் எழும்பவில்லை.

"கொண்டா பிள்ளை," என்று ஒரு கை நீண்டது. இறந்தவரின் தம்பி பாலசிங்கம். கடலுக்குப் போய்க் கருத்த மனிதர். வெள்ளை வேட்டிக்கு மேலே சட்டை போடாத வயிறு. "நான் கூட்டிக்கொண்டு போறன் என்ர மருமோனை."

அவள் போனை அதன் பிடியிலிருந்து கழற்றினாள். "மாமா, இப்பிடிப் பிடியுங்கோ. கண்ணாடிப் பக்கம் உங்களைப் பாக்க, முதுகுப் பக்கம் பெட்டியைப் பாக்க. வேறொண்டிலையும் விரல் வைக்காதேங்கோ."

"எனக்குச் சொல்லித் தாறியோ? நான் கடல்ல ஜிபிஎஸ் பாத்துத் தோணி ஓட்டின ஆள்."

ஊர்வலம் மணல் தெருவில் இறங்கியது. அவள் படலைக்கு உள்ளே நின்றாள்.

படம் சரியாகப் போகிறதா என்று பார்ப்பதற்காக, தன் சொந்தப் போனையும் எப்போதும் அதே அழைப்பில் சத்தமில்லாமல் சேர்த்து வைத்திருப்பாள். இப்போது அதை எடுத்துப் பார்த்தாள். மணல். ஒரு குதிக்கால். வேட்டிக்கரை. மேளக்காரரின் முழங்கை. வானம்.

"மாமா, கொஞ்சம் நேராப் பிடியுங்கோ," என்றது இராகுலனின் குரல்.

"ஆ? என்ன மருமோன்?"

"நேரா!"

"பறைச் சத்தத்தில ஒண்டும் விளங்கேல்லை. பொறு." பெருவிரல் எங்கோ பட்டிருக்கவேண்டும். படம் சட்டென்று மாறியது. பாலசிங்கத்தின் நாடி, மூக்கு. பிறகு திரை முழுக்க ஒரு காது. அதன் மடிப்பும் வியர்வையும் நரைமயிரும். "இப்ப சொல்லு, கேக்குது."

போனைக் காதில் வைத்துவிட்டார். போன் என்றால் வேறெங்கே வைப்பது?

தேனுகா பதறிப்போய்த் தன் போனின் மைக்கைத் திறந்தாள். "மாமா! காதில வைக்காதேங்கோ! முன்னால பிடியுங்கோ!"

"ஆரோ ஒரு பொம்பிளை இடையில பூந்து கத்துறா மருமோன். லைன் மாறிப்போச்சு." குரல் அவள் பக்கம் திரும்பியது. "பிள்ளை, வையம்மா. இது செத்தவீட்டு லைன்."

ஓடினால் பிடித்துவிடலாம். தெரு வளைவைத் தாண்டினால் சுடலைதான். பறை இன்னும் கிட்டத்தான் கேட்டது. அவள் படலையைத் தாண்டி ஓரடி வைத்தாள். பிறகு இன்னும் கொஞ்சம், மின்கம்பம்வரைக்கும். நெற்பொரி கொட்டிக்கிடந்த மணலில் நின்று போனைப் பார்த்தாள். அதே காது. இராகுலன் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? இரண்டு நாளாக "இடப்பக்கம், வலப்பக்கம்" என்றவன், ஏன் "காட்டுங்கோ" என்று கத்தவில்லை?

அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இப்ப எங்கட மீன்வாடியடி தாண்டுறம்," என்றார் பாலசிங்கம். நடந்தபடி பேசியதால் மூச்சு வாங்கியது. "தோணி ஒண்டும் இண்டைக்கு இறக்கேல்லை. எல்லாம் கரையிலதான் கிடக்கு. கொம்மாவுக்காகத்தான்... பிரவீனன் குடத்தோட முன்னுக்குப் போறான். நல்லாத்தான் போறான், நீ பயப்பிடாத. ஆ, இந்தா, நாய் ஒண்டு குறுக்க வருது. அடீ! அது போயிட்டுது."

"ம்," என்றான் இராகுலன்.

"விறகெல்லாம் காஞ்ச விறகு. நான்தான் கைவைச்சுப் பாத்து அடுக்குவிச்சனான். ஈரமில்லை, புகையாது... இப்ப இறக்கினம். மெல்ல, மெல்ல, எடேய் மெல்ல. தலை தெற்கால. ஓம். மூடியைத் திறக்கினம் மருமோன், கடைசியா முகம் பாக்க."

"எப்பிடி இருக்கிறா மாமா?"

அந்தக் குரலை அவள் இதற்கு முன் கேட்டதில்லை. அவளிடம் பேசியவன் வளர்ந்த ஆள். இது வேறு ஆள்.

"எப்பிடி எண்டு சொல்ல..." பாலசிங்கம் நின்றார். பறையும் நின்றிருந்தது. கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. "சின்னனா இருக்கிறா. என்ர அக்கா எவ்வளவு பெரிய ஆள், என்னைத் துரத்தித் துரத்தி அடிச்சவள். இப்ப சின்னனா இருக்கிறா. நெத்தியில திருநீறு கொஞ்சம் கலைஞ்சிருக்கு. பொறு, நான் சரிப்பண்ணி விடுறன்... ஆ. இப்ப நல்லாயிருக்கு."

காது திரையில் அசைந்தது.

"நீ சொல்லு மருமோன். கொம்மாவுக்கு என்ன சொல்லவேணும்? நான் குனிஞ்சு சொல்லிவிடுறன். கெதியாச் சொல்லு, ஐயர் பாக்கிறார்."

ஒரு மூச்சு. வழக்கமான அந்தத் தாமதம். அதற்குள் தேனுகா சிவப்புப் பொத்தானை அழுத்தி அழைப்பிலிருந்து வெளியேறினாள்.

தெருவில் ஒருவரும் இல்லை. அவள் கையில் திரை இருண்டுபோய் இருந்தது. மெல்லத் திரும்பிப் படலைக்குள் வந்தாள்.

பெண்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் தண்ணீர் முற்றம்வரைக்கும் ஓடி வந்தது. பனைகளுக்கு மேலே புகை எழுந்தபோது கமலாதேவி விளக்குமாற்றை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தாள். "தம்பி பாக்கிறானோ பிள்ளை?"

"கேட்டுக்கொண்டிருக்கிறார் அக்கா."

கமலாதேவி திரும்பவும் கூட்டினாள்.

ஆண்கள் கடலில் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்தார்கள். கடைசியாகப் பாலசிங்கம் வந்தார். வேட்டி நனையாமலே இருந்தது. போன் இன்னும் காதில்.

"அண்ணை, குளிக்காமலோ வாறீங்கள்?" என்றாள் புஸ்பராணி. "உள்ளுக்கு வராதேங்கோ, இப்பதான் கழுவினது!"

"நான் குளிக்கப் போனா இவனை ஆர் வைச்சிருக்கிறது? தண்ணிக்குள்ளயோ கொண்டுபோறது?" அவர் படலைக்கு வெளியே நின்றுகொண்டார். தேனுகாவைக் கண்டதும் போனை மதிலின் மேல் வைத்தார். "இந்தா, கொஞ்சநேரம் பாத்துக்கொள். நான் கிணத்தில ரெண்டு வாளி ஊத்திக்கொண்டு வாறன். மருமோன், போயிடாத, வந்திட்டன்." வெளிவேலியைச் சுற்றிக் கிணற்றடிக்கு நடந்தார்.

அவள் போனை எடுத்தாள். சூடாக இருந்தது. திரையில் இராகுலன் இருந்தான். முகம் வீங்கியிருந்தது.

"அண்ணா, காட்டுறன் எண்டு சொன்னனான். நான் போயிருக்கலாம். போகாமல் நிண்டிட்டன்."

ஒரு மூச்சு.

"மாமாவின்ர காதுக்குள்ள இவ்வளவு மயிர் இருக்கெண்டு எனக்குத் தெரியாது தங்கச்சி," என்றான். சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து உடைந்தது. பிறகு ஜக்கெற்றுகள் தொங்கிய சுவரைத் திரும்பிப் பார்த்தான். "அம்மா போயிட்டா."

"ஓம் அண்ணா."

"போயிட்டா," என்றான் திரும்பவும்.

அவள் பொறுத்தாள். நேற்றிலிருந்து பொறுத்தது போலவே. போனை எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று அவன் சொல்லுவான் என்று பார்த்தாள். கிணற்றடியில் வாளி மோதும் சத்தம் கேட்டது. அவனும் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

"மாமா குளிச்சிட்டாரோ?"

"இன்னும் இல்லை."

"வந்தோடனை குடுப்பீங்களோ?"

"ஓம் அண்ணா. குடுக்கிறன்."

பாலசிங்கம் தலையைத் துவட்டாமலே வந்தார். வாசலில் கால் கழுவி, போனை ஈரக்கையால் வாங்கி, அதே காதில் வைத்தார். "ஆ, சொல்லு. எங்க விட்டனான்?" என்று பந்தலுக்குக் கீழே ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். பந்தல்காரர் கதிரைகளை அடுக்கிக்கொண்டு வந்து அவரைச் சுற்றிப்போனார்கள்.

போன் கடைக்குச் சொந்தம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நகரத்துக்குப் போகும் பஸ் சாம்பல்தீவுச் சந்திக்கு வந்துவிடும். தேனுகா கொஞ்சநேரம் தூரத்தில் நின்றாள். கேட்கலாம். தருவார்கள். அவர் இப்போது அக்கா தன்னைத் துரத்தி அடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புக் கேட்டது. அவள் சார்ஜரைக் கொண்டுபோய்க் கமலாதேவியிடம் கொடுத்து, நாளைக்கு வந்து எடுப்பதாகச் சொன்னாள்.

"இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன் பிள்ளை."

"பஸ் போயிடும் அக்கா."

பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. ரிஷிகேசன் எடுத்தார்.

"முடிஞ்சுதோ?"

"இல்லை அண்ணா. இன்னும் கதைக்கினம்."

"ஆர்?"

"மாமாவும் மருமோனும்."

"எங்கட போனிலையோ?"

"ஓம்."

"சார்ஜர் குடுத்தனீயோ?"

"குடுத்தனான்."

"சரி. நாளைக்கு எடு."

அவர் வைத்ததும் திரையில் பழைய அழைப்பின் வரி மேலே வந்து நின்றது. அவள் வெளியேறிவிட்டாலும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான்: சேர்க. அழுத்தினால் போதும். சத்தமில்லாமல் இருந்து கேட்கலாம். அவள் வந்தது அவர்களுக்குத் தெரிந்தாலும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

அவள் போனை மடியில் வைத்துக்கொண்டாள். உப்புவெளியில் பஸ் நின்று, ஆட்கள் இறங்கி, வேறு ஆட்கள் ஏறினார்கள். பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. கொஞ்சநேரத்தில் திரை தானாக அணைந்தது. விரலால் தட்டிப் பார்த்தாள்.

பச்சை இன்னும் இருந்தது. திரும்பவும் அணையவிட்டாள்.